ஒரு பங்கு குறைகிறது

“சார், ஆட்டுல ஒரு பங்கு குறையுது. சேந்துக்கிறீங்களா?”

வளர்ந்து ஆளான பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான சேக்காளி என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதக் காலை. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்டார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. என்ன ஆடு, எதற்கு ஆடு, யார் யாருக்குப் பங்கு என்று ஒன்றும் கேட்காமல் தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஊருக்கு வேலைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாதம் பிறந்தால் வருகிற வீட்டுக்காரரைத் தவிர ஓர் ஈ காக்கை என் வாசலில் நின்று பேசியதில்லை. அன்றைக்கு அவர் யானையில் பங்கு கேட்டிருந்தாலும் சேர்ந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் சேக்காளி பிடிப்பது ஒரு வேலையே இல்லை. வாத்தியாரே பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறார். கொஞ்ச நாள் கிள்ளிக்கொள்வோம், அப்புறம் தோளில் கை போட்டுக்கொள்வோம், முடிந்தது. முப்பது வயதுக்கு மேல் என்ன செய்வது? யாரையாவது போய்க் கிள்ள முடியுமா? சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் என்னோடு திரிந்த பயல்கள் எல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். நான் அரசாங்க உத்தியோகம் கிடைத்த பெருமையில் திண்டுக்கல்லுக்கு வந்து ஒண்டிக்கட்டையாக நின்றேன். கல்யாணம் ஆகியிருந்தது, அது வேறு. பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் பேசலாம், பெண்டாட்டியைப் பற்றி மட்டும் பேச முடியாது.

முயற்சி செய்யாமலும் இல்லை. ஆபீசில் ஒருவரோடு நன்றாகத்தான் பழகினேன். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பதவி உயர்வு வந்தது, அதோடு சரி. டீக்கடையில் ஒருவர் பேப்பரின் நடுத்தாளை எனக்குக் கொடுப்பார், நான் படித்துவிட்டு அவருக்குத் தருவேன். தாள் இருந்தவரை உறவு இருந்தது. ஒரு நாள் கடைக்காரர் வேறு பேப்பருக்கு மாறினார், அவர் வேறு கடைக்கு மாறிவிட்டார். டவுன் பஸ்ஸில் தினமும் சிரிக்கிற ஒருவர் இருந்தார். பெயர் கேட்கலாம் என்று நான் துணிந்த வாரம் அவர் டிவிஎஸ் வண்டி வாங்கிவிட்டார்.

அதனால்தான் அந்தப் பங்கு. கேட்டவர் எதிர் வரிசையில் எஸ்டிடி பூத் வைத்திருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கிறிஸ்தவர். கண்ணாடிக் கூண்டுக்குள் ஜனங்கள் துபாய்க்கும் பம்பாய்க்கும் கத்திக்கொண்டிருக்க, மீட்டரின் சிவப்பு எண்களைப் பார்த்தபடி வெளியே உட்கார்ந்திருப்பார். நாள் பூராவும் ஊரார் பேச்சைக் கேட்பதுதான் தொழில். அவரோடு பேச ஆள் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் தெருவில் தீபாவளிக்கு ஓர் ஆடு, கிறிஸ்துமஸுக்கு ஓர் ஆடு. நாலு வீடு சேர்ந்து வாங்கி, விடியற்காலையில் வெட்டி, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது வழக்கம். தீபாவளிக்குப் பிரச்சினை இல்லை. கிறிஸ்துமஸ்தான் சிக்கல். அது மார்கழியில் வந்து தொலைக்கிறது. அதற்குள் தெருவில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். கறுப்பு வேட்டி கட்டியவர் ஆட்டில் பங்கு போட முடியுமா? ஆக, யேசு பிறக்கிற ஒவ்வொரு வருடமும் எங்கள் தெருவில் ஒரு பங்கு குறையும். அந்த வருடம் அந்தக் குறையை நிரப்பியவன் நான். மறு வருடம் எனக்கும் மாலை போடுகிற எண்ணம் வந்தது. அவரிடம் சொன்னதும் மனுஷனுக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று. நான் தள்ளிப்போட்டுவிட்டேன். சாமி அடுத்த வருடமும் மலையில்தான் இருப்பார், விட்ட பங்கு திரும்பக் கிடைக்குமா?

ஆடு பிடிக்க அய்யலூர்ச் சந்தைக்குப் போவோம். வியாழக்கிழமை முதல் பஸ். நாலு பங்குக்காரர்களில் ஒருவர் லாரி ஷெட் வைத்திருந்தார். ஆட்டைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் கட்சி. முதுகெலும்பை அமுக்குவார், வாலைத் தூக்குவார், பல்லைப் பார்ப்பார், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, எலும்பு பொடிசு, கறி நிறையக் காணும் என்பார். ஒரு தடவை அப்படிக் கண்ணை மூடி எடுத்த ஆடு, வீடு வந்து சேர்வதற்குள் பாதியாகிவிட்டது. வியாபாரி வயிறு முட்டத் தண்ணீர் காட்டி நிறுத்தியிருந்திருக்கிறான். லாரி ஷெட்காரர் அசரவில்லை. ஆடு ஊர் மாறின கவலையில் இளைத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் நம்பினோம். ஆட்டைவிட ஆட்கள் முக்கியம் என்ற பெருந்தன்மை அதில் இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது திட்டத்தான் செய்தேன்.

கூறு போடுவதில் ஒரு முறை உண்டு. வாழை இலையில் நாலு குவியல். ஈரலில் நாலு, குடலில் நாலு, எலும்பில் நாலு. சுவரொட்டி என்கிற மண்ணீரல் மட்டும் ஆட்டுக்கு ஒன்றே ஒன்றுதான், அதனால் அது முறை வைத்து ஆட்டுக்கு ஒரு வீடு. யார் எந்தக் குவியலை எடுப்பது என்ற சண்டை வராமலிருக்க ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்பார். திரும்பி நிற்பவர் வாய்க்கு வந்த வீட்டைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான், அப்பீல் கிடையாது. சுவரைப் பார்த்து நிற்கிற வேலை எப்போதும் பூத்துக்காரருக்குத்தான். ஒரு தடவைகூட அவர் கழுத்து திரும்பியதில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த முதுகைப் பார்த்துத்தான். முதல் ஆட்டுக்கு முன்னால் நான் அவருக்கு ‘சார்’, பிறகு ‘தம்பி’. அவர் எனக்கு ‘அண்ணே’ ஆனார்.

கூறு போட்டதும் ரத்தப் பொரியலைச் சுடச்சுடத் தின்றுகொண்டு உட்கார்ந்து பேசுவோம். வெங்காய விலை, தேர்தல், குடிதண்ணீர் வராதது, போன வருட ஆடு, இந்த வருட ஆடு. அடடா, என்ன பேச்சு! அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வருடம் பூராவும் வாழ்ந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. அடுத்த ஆட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, ஆட்டு விஷயமாக என்று அவர் வீட்டுக்கு நான் போவேன், என் வீட்டுக்கு அவர் வருவார். இடைப்பட்ட மாதங்களில் நான் சைக்கிளில் போகும்போது அவர் பூத்திலிருந்து கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். ஆபீசில், “எனக்கு ஒரு சேக்காளி இருக்காரு” என்று தொடங்கித்தான் பல விஷயங்களைப் பேசுவேன். அவர் இல்லையென்றால் அந்த ஊரில் எனக்கென்று ஓர் ஆள் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு கூறுகூட விடாமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் எங்கள் பங்குக்காரர்களில் இன்னொருவரான பள்ளிக்கூட வாத்தியார், தியான வகுப்பு ஒன்றுக்குப் போய்ச் சைவமாக மாறினார். மூச்சை எங்கேயோ நிறுத்திவைக்கக் கற்றுக்கொடுத்தார்களாம், அதற்குக் கறி ஆகாதாம். பங்கு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். நாங்களும் மதித்தோம். ஒரே வாரத்தில் அடுத்த தெருவிலிருந்து ஆள் பிடித்து அந்த இடத்தை அடைத்தோம். வாத்தியார் எங்கும் போய்விடவில்லை, என் வீட்டிலிருந்து நாலாவது வீடுதான். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அவரோடு உட்கார்ந்து பேசினதாக ஞாபகம் இல்லை. தெருவில் பார்த்தால் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்போம், இருக்கிறது என்பார்.

இதற்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து பூத்துக்காரர் வேளாங்கண்ணிக்குப் போனார். அப்படித்தான் எங்களிடம் சொல்லப்பட்டது. பத்து நாள் கடை பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தவர் கொஞ்சம் இளைத்திருந்தார். உடம்பு நல்லா இறங்கியிருக்கே, நடக்கிறீங்களா என்று நான் கேட்டேன். வேண்டுதலுக்கு மொட்டை போடவில்லையா என்று லாரி ஷெட்காரர் கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். தீபாவளிக்கு வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றார், தன் கூறைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து போனார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடத்திலிருந்து நாங்கள் வாங்கிய ஆடுகள் இருக்கின்றனவே, அவற்றைப் போல ஆடு உலகத்தில் கிடையாது. அம்புட்டுக் கறி. காலையில் குழம்பு, மத்தியானம் சுக்கா, மறுநாளைக்கு உப்புக்கண்டம். தின்று மாளவில்லை. லாரி ஷெட்காரரைத் தெருவில் நிறுத்தி வைத்துப் பாராட்டினேன். ஆட்டுக்கண் என்றால் உங்கள் கண்தான் என்றேன். மனுஷன் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். இன்னொரு பக்கம், எங்கள் கிராமத்திலிருந்து அண்ணன் கொடுத்தனுப்புகிற கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சாக்கில் வந்த வேகத்தில் தீர்ந்துபோயின. எங்கேதான் போகிறது என்று வீட்டில் சத்தம் போட்டேன். வெஞ்சனம் வச்சா தீராம இருக்குமா என்று பதில் வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது தீபாவளி நெருங்கிய நேரம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், போன ரெண்டு வருசம் மாதிரி இந்த வருசமும் கறி காணுற ஆடாப் பாக்கணும் என்றேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“கறி காணுற ஆடா? அவுங்க பங்கையும் சேத்து நீங்கதான் தின்னுக்கிட்டு இருக்கீங்க.”

எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விவரமாகச் சொன்னாள். பூத்துக்காரர் வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். நெஞ்சுவலி. ரத்தக்குழாயில் அடைப்பாம், ஏதோ வைத்து எடுத்திருக்கிறார்கள். கறியைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவர் தின்னாத கறியைத் தின்ன அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. ஆனாலும் பங்கை விடமாட்டேன் என்று நிற்கிறார். கறி வெட்டிய கையோடு நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அவர் சம்சாரம் அந்தத் தூக்குச்சட்டியை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து என் வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டுப் போவாராம். பதிலுக்கு எங்கள் கத்தரிக்காய் அங்கே போகுமாம். என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்களாம். தெருவில் குழாயடிக்குப் போகிற அத்தனை பொம்பளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. அவருடைய ரத்தக்குழாய் எத்தனை இடத்தில் அடைத்திருந்தது என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. உயிர்ச் சேக்காளி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு மட்டும், அவர் உடம்பு நல்லா இறங்கியிருந்ததுதான் தெரிந்திருக்கிறது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எதிர் வரிசைக்குப் போனேன். அவர் என்னைப் பிச்சைக்காரனாக்கிவிட்டார் என்று கோபம், ஏமாற்றிவிட்டார் என்று கோபம், நான் சுக்கா தின்ற ஒவ்வொரு வாயும் நினைவுக்கு வந்து அதற்கும் கோபம். அதற்குள் எஸ்டிடி காலம் முடிந்திருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் செல்போன் ரீசார்ஜ் கார்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே, உங்க பங்க நான்தான் தின்னுக்கிட்டு இருக்கேனாமே?”

அவர் கையிலிருந்த கார்டைத் தொங்கவிட்டு முடித்தார். ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்காரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் சொல்ல வேண்டியதுதானே, பங்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, இதற்கு எதற்கு வேளாங்கண்ணி, எதற்குத் தூக்குச்சட்டி என்று கத்தினேன். அவர் சத்தத்தை உயர்த்தவில்லை.

“வாத்தியாரும் சொன்னாருல்ல தம்பி, பங்கு வேணாம்னு. அதுக்கப்புறம் நம்மள்ல யாரு அவரு வாசப்படிய மிதிச்சோம்?”

வாத்தியார் விஷயம் வேறு என்றேன். எப்படி வேறு என்று அவர் கேட்கவில்லை.

“நான் என்ன ஆட்டுக்காகவாண்ணே உங்ககூடப் பழகுனேன்?”

“வேற எதுக்குத் தம்பி?”

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த நேரம் பார்த்து ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். முன் பக்கம், பின் பக்கம், ஆறு காப்பி. அவர் ஜெராக்ஸ் எடுக்க எழுந்தார். மெஷின் வெளிச்சம் அவர் முகத்தில் போய்வந்து போய்வந்து கொண்டிருந்தது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் பூராவும் யோசித்தேன். வேறு எதற்குப் பழகினேன்? ஆட்டுப் பேச்சு இல்லாமல் எப்போதாவது அவர் வீட்டுக்குள் போயிருக்கிறேனா என்று வருடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு நாள்கூட அகப்படவில்லை. மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிழைத்து வந்து, செத்துப்போவோமோ என்ற பயத்தைவிட, பங்கு போனால் இவன் வரமாட்டானே என்ற பயத்தில் இரண்டு வருடம் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி பார்த்துவிடக்கூடாது என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். அவள் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தேன். என்ன கொண்டுபோவது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. நோயாளியைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ், ஆப்பிள். இரண்டு வருடம் கழித்து ஹார்லிக்ஸ் கொண்டுபோகிறவனை என்ன சொல்வார்கள்? கத்தரிக்காய் கொண்டுபோகலாம் என்றால் அது எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் வெறுங்கையை வீசிக்கொண்டு போனேன். ரோட்டைக் கடக்கிற பத்தடி தூரம் இவ்வளவு நீளமா என்றிருந்தது.

கதவைத் திறந்தது அவர் சம்சாரம். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். ஊர்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே என்றார். இல்லை என்றேன். உள்ளே போய்ச் சொன்னார். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வேகமாக வந்தார். கோபம் தீரவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

“என்ன தம்பி, ஆட்டு விஷயமா?”

“இல்லண்ணே.”

“பின்ன?”

உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். டிவியில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்ப்பார், நான் டிவியைப் பார்ப்பேன். நான் அவரைப் பார்ப்பேன், அவர் காற்றாடியைப் பார்ப்பார். வெங்காய விலையைப் பேசலாமா என்று பார்த்தேன், அன்றைக்கென்று அது மலிந்து கிடந்தது. காபி வந்தது, குடித்தோம். டம்ளரையும் எடுத்துப் போய்விட்டார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு பெரிய ஆம்பளைகள், பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தோம். எழுந்து ஓடிவிடலாம் என்றுகூட இருந்தது. செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்தும்விட்டேன். எழுந்து போனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்குப் பயந்து உட்கார்ந்தேன். கடைசியில் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“நெஞ்சு இப்ப எப்படிண்ணே இருக்கு?”

அவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஆரம்பித்தார். யப்பா! கடையில் உட்கார்ந்திருக்கும்போது முதுகில் வலி வந்ததிலிருந்து, வாய்வு என்று சோடா குடித்ததிலிருந்து, ஆட்டோவில் பெரிய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அவ்வளவுதான் என்று நினைத்ததிலிருந்து ஒன்று விடவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் விட்ட குறட்டையை விட்டுக்காட்டினார். உப்பில்லாத கஞ்சியைத் திட்டினார். தொடை வழியாக ஓர் ஒயரை விட்டு, அதை நெஞ்சுவரைக்கும் எப்படிக் கொண்டுபோனார்கள் என்று வேட்டிக்கு மேலேயே விரலை ஓட்டிக் காட்டினார். பல வருடம் ஊரார் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச்சு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இருட்டிவிட்டது. அவர் சம்சாரம் விளக்கைப் போட்டுவிட்டு, இடையில் விட்டுப்போனதை நிலைப்படியில் நின்று எடுத்துக் கொடுத்தார். எனக்கு இடுப்பு வலித்தது. நகரவில்லை.

ஒயர் நெஞ்சை நெருங்குகிற இடத்தில் திடீரென்று பேச்சை நிறுத்தினார். தரையைப் பார்த்தார்.

“இந்தத் தீபாவளிக்கு எனக்குப் பங்கு வேணாம் தம்பி. லாரி ஷெட்காரர்கிட்ட நீயே சொல்லிரு.”

“சொல்லிர்றேண்ணே.”

தலையை ஆட்டிக்கொண்டார். எங்கே விட்டேன் என்று கேட்டார். ஒயர் நெஞ்சுகிட்ட வந்துருச்சுண்ணே என்றேன். ஆமா என்று சொல்லி, மறுபடி தொடையில் விரலை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.